வயல் நடுவே நீல வீடு

என் அக்கா வீட்டுக்காரருக்கு இயற்கையும் பிடிக்காது, செயற்கையும் பிடிக்காது. அவருக்குப் பிடித்தது நேரம். தூரப் பயணப் பஸ் ஓட்டினவர். மரம் என்றால் கிளை வந்து கண்ணாடியில் உரசும் சமாச்சாரம், ஆறு என்றால் பாலத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டிய இடம், அவ்வளவுதான். டிப்போவில் அவருக்கு ‘டாண்’ என்று பெயர். சொன்ன நேரத்துக்கு டாண் என்று நிலையத்துக்குள் வண்டி நுழையும். அவருடைய வண்டியைப் பார்த்து ஜனங்கள் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள் என்று அக்கா பீற்றிக்கொள்வாள். பீற்றிக்கொள்ள அவளுக்கு வேறு என்ன இருந்தது? கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் வீட்டில் இருந்த பொழுதைவிட ஹைவேயில் இருந்த பொழுதுதான் அதிகம்.

உள்ரோடு என்ற வார்த்தையைக் கேட்டாலே மாமாவுக்கு மூக்கு விடைக்கும். ஒருமுறை குடும்பமாக வாடகைக் காரில் போனபோது, பார்க்க அழகாக இருக்குமே என்று டிரைவர் ஏரிக்கரை வழியாகத் திருப்பிவிட்டான். மாமா அவனைக் கிழி கிழி என்று கிழித்தார். “அழகு பாக்கணும்னா காலண்டர் வாங்கி மாட்டிக்க. வண்டிங்கிறது போய்ச் சேர்றதுக்கு.”

அப்பேர்ப்பட்டவர் ஓய்வு பெற்று, பழைய கார் ஒன்றை வாங்கி, ஹைவே பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று ஆனபோது மனிதர் மாறிவிட்டார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். “ஹைவேல என்ன இருக்கு? தாரும் கோடும். உள்ரோட்டுல போனாத்தான் நாலு மனுசங்களைப் பாக்கலாம்” என்று அவர் வாயாலேயே சொன்னார். ஞாயிற்றுக்கிழமையானால் அக்காவை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். கால்வாய்க்கரை, தென்னந்தோப்பு, கல்குவாரிக்குப் பின்பக்கத்து மண்பாதை. சைக்கிள்காரன் முந்திப் போகிற வேகம். முகத்தை ஜன்னல் பக்கமாகத் திருப்பி, தலையைச் சாய்த்து, கோழி மண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு ஓட்டுவார். காட்சியை ரசிக்கிறாராம்.

“இடது பக்கம் என்ன தெரியுது, சொல்லு” என்பார். அக்கா சொல்லுவாள். “முன்னாடி?” அதையும் சொல்லுவாள். “இத்தனை வருசமா நான் பேசுறதைக் காதுல வாங்காதவரு, இப்ப இன்னும் சொல்லு, இன்னும் சொல்லுங்கிறாருடி” என்று என்னிடம் சொன்னாள். எனக்குப் பொறாமையாகவே இருந்தது. நான் பேச ஆரம்பித்தால் என் வீட்டுக்காரர் டீவி சத்தத்தைக் கூட்டுவார்.

நான் தையல்காரி. மாமா எனக்கு வைத்த பெயர் ‘ஊசி’. தொழிலுக்காகப் பாதி, வாய்க்காகப் பாதி.

மாமாவோடு வெகுகாலம் ஒரே பஸ்ஸில் ஓடிய கண்டக்டர் ஒருவர் உண்டு. அவருடைய மருமகன் மலையடிவாரத்தில் சின்னதாகப் பள்ளிக்கூடம் நடத்துகிறார். குழந்தைகளை ஏற்றி இறக்க வேன் இருக்கிறது, நம்பிக்கையான டிரைவர் இல்லை. டாணை விட்டால் யார் என்று கண்டக்டர் போன் போட்டார். மாமா மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே குடியிருக்க வீடு. திங்கட்கிழமையிலிருந்து வேலை. அதற்கு முன் வீட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினார்கள். ஜன்னல்களுக்குத் திரை தைக்க அளவெடுக்க வேண்டும் என்று என்னையும் பின்சீட்டில் போட்டுக்கொண்டார்கள். ஹைவேயில் போனால் காலைப் பசிக்கே போய்ச் சேரலாம். உள்ரோடு என்றால் மத்தியானம் தாண்டிவிடும். உள்ரோடுதான் என்று மாமா முடிவாகச் சொல்லிவிட்டார்.

வழியில் ஒரு டீக்கடையில் இறங்கினோம். கடை வாசலில் வேறு ஒரு வண்டியும் நின்றது. எங்களுடையது சாம்பல் நிறம், அது வெள்ளை. டீ குடித்துவிட்டு மாமா நேராக அந்த வெள்ளைக் காரிடம் போய்க் கதவில் சாவியைச் செருகப் பார்த்தார். உள்ளே டிரைவர் சீட்டில் ஒரு அம்மாள் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். கைக்கெட்டும் தூரத்தில் முகம். அது அவருக்குத் தெரியவில்லை. அந்த அம்மாள் போட்ட கூச்சலில்தான் விலகினார்.

“எல்லா வண்டியையும் ஒரே மாதிரி செஞ்சு தொலைக்கிறானுங்க” என்று சிரித்தார். அக்காவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊசியில் நூல் கோக்கிறவர்களை நாள் முழுக்கப் பார்க்கிறவள் நான். கண் தேடுகிறதா, விரல் தேடுகிறதா என்று எனக்குத் தெரியும். மாமாவின் விரல் அந்தச் சாவித்துவாரத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

அக்கா கைகழுவப் போனாள். நான் மாமாவுக்கு நேர் எதிரே போய் நின்றேன். இருவருக்கும் நடுவே ஒரு கை நீளம்கூட இல்லை. நாக்கை முழுசாக வெளியே நீட்டினேன். வேறு நாளாக இருந்தால் மண்டையில் ஒரு குட்டு விழுந்திருக்கும்.

“என்ன ஊசி, கிளம்பலாமா?” என்றார் மாமா.

நீட்டிய நாக்கை உள்ளே இழுக்கக்கூட மறந்து நின்றேன். இந்த மனிதருக்கு நேரே இருப்பது எதுவும் தெரியவில்லை. ஓரக்கண்ணில்தான் ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியது காட்சி பார்க்க இல்லை. ரோட்டைப் பார்க்க! இவர் திங்கட்கிழமை குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகப் போகிறார்.

அங்கேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்திருப்பேன். அதற்குள் அக்கா வந்து முன்சீட்டில் ஏறிவிட்டாள். புருஷன் தன் பேச்சில் மயங்கிக் கிடக்கிறான் என்று நம்பிக்கொண்டிருக்கிற பைத்தியக்காரி. அவளை உள்ளே விட்டுவிட்டு நான் மட்டும் எங்கே போக? நானும் ஏறினேன்.

டீக்கடையைத் தாண்டியதும் பாதை ஒரு கால்வாயோடு சேர்ந்துகொண்டது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் வயல். நடுவில் ஒரு வண்டி போகும் அகலம்.

“முன்னாடி என்ன தெரியுது?”

“நேர் ரோடுதாங்க. ஒருத்தன் சைக்கிள்ல வர்றான், நம்ம பக்கமாவே வர்றான்.”

கார் மெல்ல ஒதுங்கியது.

“இப்ப?”

“மதகு வருது. அது மேல ரோடு குறுகலா இருக்கு.”

கார் வேகம் குறைந்தது. இத்தனை நாளாக நான் கேட்டுச் சிரித்த பேச்சுதான். இன்றைக்கு ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்சீட்டை இறுகப் பற்றிக்கொண்டேன். ஸ்டியரிங் அவர் கையில், கண் அவள் முகத்தில். அவள் தும்மினால்கூட நாங்கள் கால்வாயில் கிடப்போம்.

மதகைத் தாண்டியதும் அக்கா ஆரம்பித்தாள். “கண்டக்டர் அண்ணன்கிட்ட வேணாம்னு சொல்லிடலாமே.”

“எதை?”

“வேன் ஓட்டுறதைத்தான்.”

“ஓட்டாம? உன்னோட உக்காந்து வெங்காயம் உரிக்கவா?”

“உரிச்சா என்ன, கை தேஞ்சுடுமா? பிள்ளைங்க விவகாரம்ங்க இது.”

“என் வண்டியில இத்தனை வருசத்துல யாருக்காவது ஒரு கீறல் விழுந்திருக்கா? சொல்லு, விழுந்திருக்கா?”

“விழலை.”

“அப்புறம் என்ன? வாயை மூடிட்டு வா.”

“சரி” என்றாள் அக்கா. வாயை மூடிக்கொண்டாள்.

என் அக்காவின் மௌனம் எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். சின்ன வயதில் அப்பா திட்டிவிட்டார் என்று நாட்கணக்கில் பேசாமல் இருந்து, கையாலேயே ஜாடை காட்டிக் கடையில் சாமான் வாங்கி வந்தவள். அவளைப் போய் வாயை மூடச் சொன்னாரே, அதைப் போல ஒரு தப்பை அந்த மனிதர் அதற்கு முன் செய்ததில்லை.

“முன்னாடி என்ன?” என்றார் சற்று நேரம் கழித்து.

பதில் இல்லை.

“ஏய், கேக்குறேன்ல?”

அக்கா கண்ணாடிக்கு வெளியே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா தொண்டையைச் செருமினார். முகத்தை முன்னைவிட அதிகமாக ஜன்னல் பக்கம் திருப்பினார். காதோரத்திலிருந்து வியர்வை இறங்கி சட்டைக் காலருக்குள் போனதை நான் பார்த்தேன். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேள்வி வரும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து மூன்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினார். கோபம் எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. இந்த வீம்புக்கு விளக்குமாறுதான் மருந்து.

கரை ஒரு இடத்தில் இடது பக்கம் திரும்பியது. கார் நேராகப் போனது. வலது சக்கரம் தண்ணீர் ஓரத்துச் சரளையில் இறங்கியது. அந்தச் சத்தம் மாறியதைக் கேட்டுத்தான் மாமா ஸ்டியரிங்கை ஒடித்தார். சத்தத்தை வைத்து ஓட்டுகிறார்!

என்னால் பொறுக்க முடியவில்லை. “மாமா, முன்னாடி இன்னொரு வளைவு...”

அக்காவின் இடது கை சீட்டுக்குப் பின்னால் வந்து என் முழங்காலைப் பிடித்தது. நகம் புடவையைத் தாண்டி இறங்கியது.

“நீ வாயை மூடுடி.”

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் அவளுடைய வலது கையைப் பார்த்தேன். இரண்டு சீட்டுக்கும் நடுவே இருந்த ஹேண்ட்பிரேக்கை அது இறுகப் பிடித்திருந்தது. விரல் முட்டி எல்லாம் வெளுத்திருந்தது. எப்போதிலிருந்து பிடித்திருக்கிறாளோ தெரியாது.

அவளுக்குத் தெரியும். எனக்கு டீக்கடை வாசலில் தெரிந்தது அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. இது ரோஷத்தில் பேசாமல் வருவது இல்லை. இவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவேண்டும் என்று உயிரைப் பணயம் வைத்துக் காத்திருக்கிறாள். நான் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன்.

வளைவு அவர் காதில் விழுந்திருந்ததால் அதில் தப்பித்தோம். அதற்கப்புறம் கரை நேராகப் போனது. தூரத்தில் அரைநாள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தார்கள். ஒருவன் பையைத் தலையில் மாட்டியிருந்தான். இரண்டு பேர் குச்சியால் அடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்தார்கள். கார் போய்க்கொண்டே இருந்தது. அக்கா பேசவில்லை. அவள் தோள் மட்டும் ஏறி இறங்கியது. நான் கத்திவிடுவேன் என்று தெரிந்தோ என்னவோ, முழங்காலில் பிடி இன்னும் இறுகியது.

அவர்களுடைய சிரிப்புச் சத்தம் மாமாவின் காதில் விழுந்தது. பிரேக்கை மிதித்தார். கார் நின்றது. எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் காரின் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு, பானெட்டைத் தட்டிக்கொண்டு, எங்களை எட்டிப் பார்த்துக்கொண்டு கடந்து போனார்கள். சத்தம் பின்னால் போய்த் தேய்ந்தது.

மாமா பெருமூச்சு விட்டார். “போயிட்டாங்க” என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிவிட்டு கியரைப் போட்டார்.

ஒரு சின்னப் பெண் போகவில்லை. பம்பருக்கு முன்னால் நடு ரோட்டில் குந்தி உட்கார்ந்து, கொட்டிப்போன கலர் பென்சில்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சிவப்பு ரிப்பன் கட்டிய இரட்டைச் சடை. மாமாவின் மூக்குக்கு நேரே. கார் நகர்ந்தது.

அக்கா ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். கார் ஒரு குதி குதித்து அணைந்துபோனது. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். கடைசிப் பென்சிலையும் எடுத்து டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டு, சாவகாசமாக எழுந்து மாமாவின் ஜன்னல் பக்கமாக வந்தாள்.

“வண்டி ஏன் குதிச்சுது?” என்று கேட்டாள்.

மாமாவின் ஓரக்கண்ணில் இப்போது அவள் விழுந்திருக்க வேண்டும். அவர் முகத்தில் ரத்தம் சுண்டிப்போனது. பதிலுக்குக் காத்திராமல் அந்தப் பெண் மற்றவர்களைப் பிடிக்க ஓடினாள்.

“இந்தப் பிள்ளை எங்க இருந்துச்சு?” என்றார்.

அக்கா பேசினாள். “நேரா. வண்டிக்கு நேரா.”

மாமா ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கால்வாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

“எனக்குத் தெரியலம்மா” என்றார். “நடுவுல ஒண்ணுமே தெரியல. டாக்டர்கிட்ட தனியா போய்க் காட்டினேன். போனது திரும்பி வராதுன்னுட்டாரு. உனக்கு... உனக்கு எப்ப தெரியும்?”

“வண்டி வாங்கின புதுசுல, ஒரு ஞாயித்துக்கிழமை. வெறும் வயக்காடு அது. சும்மா சொல்லிப் பாத்தேன், அதோ பாருங்க, வயல் நடுவுல நீல வீடுன்னு. ஆமா, நல்லா கட்டியிருக்கான்னீங்க.”

மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

“அன்னைக்கே சொல்லியிருப்பேன். வண்டியை விட்டா நீங்க உசுரோட இருக்க மாட்டீங்கன்னு பயம். சரி, ஆளில்லாத ரோடு, நம்ம ரெண்டு பேர் உசுருதானே, நான் பாத்துச் சொல்லிக்கிறேன்னு இருந்துட்டேன். ஆனா பிள்ளைங்களுக்கு யாருங்க பாத்துச் சொல்லுவா? நான் போய்க் கண்டக்டர் அண்ணன்கிட்ட சொன்னா அது கோள் சொல்றது. உங்க வாயால வரணும்.”

இரண்டு பேர் உயிராம். பின்சீட்டில் ஒருத்தி டேப்பும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்ற நினைப்பே இல்லை. சண்டைக்கு வாயெடுத்தேன். மாமாவின் முதுகு குலுங்குவதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். ஹைவேயில் எத்தனையோ இரவு எங்கள் எல்லாரையும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்த முதுகு அது. நானும் அழுதேன்.

அழுது முடித்ததும் மாமா போனை எடுத்து அக்காவிடம் நீட்டினார். அவள் நம்பரைப் போட்டு அவர் காதில் வைத்தாள்.

“கண்டக்டரே, டாண் பேசுறேன். நான் வேன் ஓட்ட வரலை. எனக்குக் கண்ணு தெரியல” என்றார். அப்புறம், “பாதி வழியில கால்வாய்க்கரையில நிக்கிறோம். வந்து கூட்டிட்டுப் போ” என்றார். யாரிடமும் வந்து கூட்டிப் போ என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

கண்டக்டர் வேனிலேயே வந்தார், மருமகனையும் கூட்டிக்கொண்டு. இறங்கியதும் ஒன்றும் கேட்கவில்லை. மாமாவின் தோளில் கையைப் போட்டு அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். மருமகன் எங்கள் காரை ஓட்ட எடுத்துக்கொண்டார். கண்டக்டர் வேனை ஓட்ட உட்கார்ந்தார், பக்கத்து சீட்டில் மாமா. கண்டக்டர் ஓட்டி மாமா பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பெல்ட்டை எந்தப் பக்கமிருந்து இழுப்பது என்று தெரியாமல் தடுமாறினார். குழந்தைகள் உட்காரும் சின்ன சீட்டில் காலை மடக்கிக்கொண்டு நானும் அக்காவும்.

“கொஞ்ச தூரத்துல ஹைவே வந்துடும். அதுல ஏறினா சட்டுனு போயிடலாம் டாணு” என்றார் கண்டக்டர்.

“வேணாம். உள்ரோட்டுலயே போ” என்றார் மாமா. “இவ இத்தனை நாளும் எனக்காகத்தான் வெளிய பாத்தா. இன்னைக்காவது அவளுக்காகப் பாக்கட்டும்.”

அக்கா முகத்தைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். அதுவரை கண்ணில் ஒரு சொட்டு வராமல் இருந்தவள், அப்போது உடைந்துபோனாள். வேன் கிளம்பியது. மாமா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பவில்லை. நேராக, ஒன்றும் தெரியாத பக்கமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இடது பக்கம் என்ன தெரியுது?” என்று கேட்டார் மெல்ல.

அக்கா முகத்திலிருந்து தலைப்பை எடுக்கவில்லை. கண்டக்டர் என்னைக் கண்ணாடியில் பார்த்தார். நான் வெளியே எட்டிப் பார்த்தேன்.

“வயல் மாமா. அறுப்பு முடிஞ்சு கிடக்கு. அப்புறம்...” எனக்கே சொல்லத் தயக்கமாக இருந்தது. “நடுவுல ஒரு வீடு. நீலமா.”

மாமா என் குரல் வந்த பக்கமாகத் திரும்பினார்.

“நெசமாவா ஊசி?”

“சத்தியமா மாமா. நீலம்தான்.”

அக்கா தலைப்பை விலக்கி, மூக்கைத் துடைத்துக்கொண்டு, என் மேல் சாய்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

“கதவு பச்சைங்க” என்றாள். “வாசல்ல ஒரு ஆள் நின்னு ஜன்னலுக்கு பெயிண்ட் அடிச்சிட்டிருக்கான். ஏணி வச்சிருக்கான். நம்மளைப் பாத்துக் கை காட்டுறான்.”

மாமா கையைத் தூக்கி ஆட்டினார்.